நேரம் போவதே தெரியாத ஒன்று



பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளை அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கணினி முன் உட்காருகிறது. மதிப்பெண் பட்டியல் இருக்கிறது, ஆங்கிலத் தேர்வு எழுதியாகிவிட்டது, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதமும் வாங்கியாகிவிட்டது. அப்போது திரையில் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. நேரம் போவதே தெரியாமல் உன்னை இழுத்து வைத்துக்கொள்ளும் ஒரு விஷயம் எது, அது ஏன் உன்னைப் பிடித்துக்கொண்டது, அதைப் பற்றி மேலும் அறிய வேண்டுமென்றால் நீ எங்கே போவாய், யாரைக் கேட்பாய்? 650 சொற்களுக்குள் எழுத வேண்டும்.

காமன் ஆப் என்று பிள்ளைகள் சொல்லும் பொது விண்ணப்பத்தில், கட்டுரைக்காகக் கொடுக்கப்படும் தலைப்புகளில் இப்படி ஒன்று இருக்கிறது. 1975-இல் 15 கல்லூரிகள் கூடித் தொடங்கிய ஏற்பாடு அது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் சேர்ந்திருக்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம். எட்டுக் கேள்விகளைக் கொடுத்து, அவற்றில் நான்குக்கு 350 சொற்களுக்குள் பதில் எழுதச் சொல்வார்கள். அந்த எட்டில் ஒன்று, உன்னை ஈர்த்த பாடத்தை வகுப்பறைக்கு உள்ளும் வெளியிலும் நீ எப்படி வளர்த்துக்கொண்டாய் என்று கேட்கிறது. ஸ்டான்ஃபோர்டும் எம்.ஐ.டி.யும் இன்னும் குறைந்த சொற்களில் ஏறக்குறைய இதையேதான் கேட்கின்றன.

நம் பிள்ளைகள் திகைத்துப்போவது இந்த இடத்தில்தான். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கை என்றால் கட்-ஆஃப் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மருத்துவம் என்றால் நீட். இலங்கையில் இசட் புள்ளி. உனக்கு எது பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் எந்த விண்ணப்பமும் கேட்டிருக்காது. திடீரென்று ஒரு பல்கலைக்கழகம் அதைக் கேட்டதும் பிள்ளைக்கு முதலில் தோன்றுவது, கேட்கப் பெரிதாக இருக்கும் ஒரு பெயர். செயற்கை நுண்ணறிவு. கருந்துளை. மரபணு. பருவநிலை மாற்றம்.

இவையெல்லாம் துறைகளின் பெயர்கள். துறையின் பெயரை எழுதி வைத்தால் கட்டுரைக்குத் தலைப்பு கிடைத்துவிட்டதாக ஆகாது. கட்டுரைக்கு வேண்டியது ஒரு கேள்வி. அந்தப் பிள்ளையின் மனத்தில் எழுந்த, யாரும் மதிப்பெண் போடாதபோதும் அது பின்தொடர்ந்து போன ஒரு கேள்வி. இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இதுதான்.

தவறு பிள்ளைகளுடையது அன்று. நாம் பழக்கிய பழக்கம் அப்படி. தமிழ்க் கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. நூலகத்தின் பயன், அறிவியலின் வளர்ச்சி, மரம் வளர்ப்போம். தலைப்பின் பெருமையை எடுத்துச் சொல்வதற்குத்தான் அங்கே மதிப்பெண். எழுதுகிறவர் யார் என்பதற்கு அதில் இடமே இல்லை. அந்தக் கை அப்படியே பழகிப்போய், விண்ணப்பக் கட்டுரையிலும் விண்வெளியின் மகத்துவத்தை விளக்க ஆரம்பித்துவிடுகிறது. விண்வெளி மகத்தானது என்பது படிக்கும் தேர்வாளருக்குத் தெரியும். இந்தப் பிள்ளை இரவு பத்து மணிக்கு மொட்டை மாடியில் நின்றுகொண்டு எதைக் கண்டு குழம்பியது என்பதுதான் அவருக்குத் தெரியாதது.

இன்னொரு தயக்கமும் உண்டு. தன்னைப் பற்றித் தானே பேசுவது தற்பெருமை என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நம் பிள்ளைகள். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். அறிவு ஆர்வத்தைப் பற்றிய இந்தக் கட்டுரை அதற்கு மிக ஏற்றது என்றும் நினைக்கிறேன். தன்னைப் புகழாமல் தான் பார்த்த பொருளைப் பற்றிப் பேசலாம். பேசுகிற விதத்திலேயே ஆள் தெரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தூத்துக்குடியில் ஒரு மாணவி. அவளுடைய அம்மா உப்பளத்தில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மே மாத விடுமுறையில் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். ஒரு பாத்தியில் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. உப்பு விழப்போகும் பாத்தியில் மட்டும் இளஞ்சிவப்பாக இருக்கிறது. தண்ணீர் சிவந்தால் உப்பு சீக்கிரம் விழும் என்கிறார் அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒருவர். ஏன் தாத்தா என்று கேட்டால், அது அப்படித்தான் என்கிறார்.

இவள் கட்டுரைக்குக் கடல் உயிரியல் என்று தலைப்பு வைத்தால், அதே தலைப்பில் எழுதும் எத்தனையோ பேரில் ஒருத்தி ஆகிவிடுவாள். சிவந்த தண்ணீரை எடுத்துக்கொண்டால் கதை வேறு. படித்துப் பார்க்கிறாள். கடல்நீரைப்போலப் பல மடங்கு உப்பேறிய நீரிலும் வாழக்கூடிய நுண்ணுயிர்கள் இருக்கின்றன. டுனாலியெல்லா என்ற பாசி ஒன்று. உப்பை விரும்பும் ஆர்க்கியா வகை இன்னொன்று. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் அந்தப் பாசியிலும் இருக்கிறது. நிறமேறிய நீர் வெயிலை அதிகமாக வாங்கிக்கொள்ளும், அதனால் ஆவியாவதும் விரைவாகும். பெரியவர் சொன்னது சரியாக இருக்கலாம் என்று அவளுக்குப் படுகிறது.

இதுவரை அவள் செய்தது படித்தது மட்டும். அடுத்து வருவதில்தான் கட்டுரைக்கு உயிர் இருக்கிறது. இரண்டு எவர்சில்வர் தட்டுகளில், ஒன்றில் சிவந்த நீரும் மற்றொன்றில் முந்தைய பாத்தியின் தெளிந்த நீரும் ஊற்றி வெயிலில் வைக்கிறாள். தெளிந்த நீர்தான் முதலில் குறைகிறது! எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. ஏனென்று யோசிக்கிறாள். உப்பளத்தில் நீரின் அடர்த்தியை டிகிரியில் அளப்பார்கள். கடல்நீர் ஏறக்குறைய மூன்று டிகிரி இருக்கும். இருபத்தைந்தைத் தொடும்போது உப்பு விழத் தொடங்கும். உப்பு ஏற ஏற நீர் ஆவியாவது மெதுவாகும். அப்படியானால் அவள் ஒப்பிட்டது நிறத்தை மட்டும் அன்று, டிகிரியையும் சேர்த்துத்தான். சோதனையே பிழை. மறுபடி செய்கிறாள். இந்த முறை தெளிந்த நீரில் உப்பைக் கரைத்து, இரண்டு தட்டிலும் ஒரே டிகிரி வரும்படி பார்த்துக்கொள்கிறாள்.

முடிவு என்ன வந்தது என்பது எனக்கு இரண்டாம் பட்சம். காற்று அடித்து அன்றைய அளவீடு கெட்டுப்போயிருந்தாலும் கட்டுரை நன்றாகவே இருக்கும். பள்ளி வேதியியல் ஆசிரியருக்குப் பதில் தெரியவில்லை, தேடிப் போனபோது குஜராத்தின் பாவ்நகரில் உப்புக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இருப்பது தெரியவந்தது, அங்கே எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில் பாதி புரிந்தது, மீதி புரியவில்லை என்று அவள் எழுதினால் போதும். எங்கே போவாய், யாரைக் கேட்பாய் என்ற கடைசிப் பகுதிக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. பல பிள்ளைகள் ஒரு வரியில் கடந்துபோகும் பகுதி அது. என் கணிப்பில் கேள்வியின் கனமான பகுதியும் அதுதான்.

இப்படிப்பட்ட சின்னக் கேள்வியைப் பல்கலைக்கழகம் மதிக்குமா என்று ஒரு பெற்றோர் கேட்கலாம். 1921-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். திருச்சியில் பிறந்து, அப்போது கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த சி. வி. ராமன் இங்கிலாந்துக்குப் போய்விட்டு நர்குண்டா என்ற கப்பலில் திரும்பி வருகிறார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைப் பிடித்துக்கொள்கிறது. கடல் ஏன் நீலம்? எந்தக் குழந்தையும் கேட்கும் கேள்வி. அதற்குப் பதிலும் ஏற்கெனவே இருந்தது. வானத்தின் நீலம்தான் கடலில் தெரிகிறது என்று பேரறிஞர் ராலே சொல்லியிருந்தார். ராமன் தம்மிடம் இருந்த நிக்கோல் பட்டகத்தை எடுத்துக் கடல் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுத்துவிட்டுப் பார்த்தார். வானத்தின் எதிரொளி போன பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. அப்படியானால் நீரே ஒளியைச் சிதறடிக்கிறது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்த கையோடு நேச்சர் இதழுக்குக் குறிப்பு எழுதி அனுப்பினார். அங்கே தொடங்கிய ஆராய்ச்சிதான் 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி கண்டுபிடிப்பு வரை போய், 1930-இல் நோபல் பரிசாக முடிந்தது.

பிள்ளைகள் எல்லாரும் ராமனாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பயணத்தில் நடந்தவற்றின் வரிசையை மட்டும் பாருங்கள். எல்லாரும் பார்க்கும் ஒன்று, பெரியவர்கள் சொல்லிவைத்த பதில், அதில் ஓர் ஐயம், கையில் இருந்த சின்னக் கருவியால் ஒரு சோதனை, உடனே எழுதி வைத்தது. பதினேழு வயதுப் பிள்ளைக்கும் இந்த வரிசை எட்டக்கூடியதே.

அறிவியல்தான் வேண்டும் என்பதும் இல்லை. கிரிக்கெட்டே கதி என்று கிடக்கும் பையன் ஒருவன், மழை வந்தால் இலக்கை மாற்றும் டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் முறை தன் அணிக்கு அநியாயம் செய்துவிட்டதாகக் கோபப்படுகிறான். கோபத்தோடு நின்றுவிட்டால் ஒன்றுமில்லை. மீதமுள்ள ஓவர், கையிலுள்ள விக்கெட் இரண்டையும் சேர்த்து ஓர் அணியின் வளமாக அந்த முறை எப்படிக் கணக்கிடுகிறது என்று பார்த்து, இருபது ஓவர் ஆட்டத்துக்கு அது அப்படியே பொருந்துமா என்று நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட ஆரம்பித்தால், அது முழுக்க முழுக்க அறிவு ஆர்வம். ஆட்டத்தைப் பற்றியது என்பதற்காக அவன் வெட்கப்பட வேண்டியதில்லை.

கோலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக் கல்லூரிக்கு எழுதும்போது நம் பிள்ளைகளுக்குக் கோலம், பரதநாட்டியம், பாட்டி வைத்தியம் என்று கை போகும். அமெரிக்கருக்குப் புதிதாக இருக்கும் என்ற எண்ணம்தான் காரணம். அந்தக் காரணத்துக்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காட்சிக்கு வைத்த பொருளாகத்தான் அது கட்டுரையில் நிற்கும். அதே கோலத்தை ஒரு மாணவி உண்மையிலேயே பின்தொடர்ந்திருந்தால் என்னவாகும்? சில புள்ளி வரிசைகளில் சிக்குக் கோலம் ஒரே கோட்டில் முடிந்துவிடுகிறது, சிலவற்றில் இரண்டு மூன்று தனிக் கோடுகள் தேவைப்படுகின்றன, ஏன் என்று அவள் எண்ணிப் பார்த்திருப்பாள். தேடியிருந்தால், 1970-களிலேயே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் கோலங்களுக்குக் கணித இலக்கணம் வகுத்து ஆராய்ந்ததைக் கண்டுபிடித்திருப்பாள். அவள் எழுதினால் அந்தக் கட்டுரையில் பெருமைப் பேச்சு இருக்காது, கோடுகள் இருக்கும்.

தலைப்பை எப்படித் தேடுவது? யோசித்துக் கண்டுபிடிப்பதைவிட, ஏற்கெனவே செய்ததில் தேடுவது நல்லது. கைபேசியில் பாடத்துக்குத் தொடர்பில்லாமல் நீங்கள் தேடிப் பார்த்தவை என்னென்ன? நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்ன கிறுக்கியிருக்கிறீர்கள்? வீட்டில் சாப்பிடும்போது எந்த விஷயத்தை எடுத்தால், ஆரம்பிச்சுட்டான்டா என்று அக்கா எழுந்துபோகிறாள்? இப்படிக் கிடைத்ததை நண்பன் ஒருவனிடம் பத்து நிமிடம் குறிப்பு இல்லாமல் பேசிப் பாருங்கள். மூன்றாவது நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிட்டால் அது உங்கள் தலைப்பு அன்று. பத்து நிமிடம் போதவில்லை, நடுவில் உங்களுக்கே புதிதாக ஓர் ஐயம் வந்துவிட்டது என்றால், எழுத உட்காரலாம். இன்னும் விடை தெரியாத ஒரு பகுதி மிச்சமிருப்பது குறையில்லை. மேலே படிக்க வேண்டும் என்று கேட்பதற்கு அதுதானே காரணம்.

நான்கு கேள்விகள் கிடைத்தால் நான்கையும் கட்டுரைக்குள் அடைக்காதீர்கள். 650 சொல் என்பது ஒன்றரைப் பக்கம்கூட வராது. ஒன்றைப் பற்றி மட்டும் எழுத இடம் சரியாக இருக்கும்.

பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேறுபாடு உண்டு. அங்கே யூகாஸ் என்ற பொது அமைப்பின் வழியாகத்தான் விண்ணப்பம். 2026-இல் சேர்வோர் தொடங்கி, ஒரே நீளக் கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகள். மூன்றுக்கும் சேர்த்து 4000 எழுத்துகள், இடைவெளியும் அதில் அடக்கம். முதல் கேள்வியே ஏன் இந்தப் படிப்பு என்பது. அமெரிக்காவில் பொறியியல் படிக்கப் போகிறவன் கல்வெட்டைப் பற்றி எழுதலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். பிரிட்டனில் படிக்கப்போகும் பாடத்தைச் சுற்றியே கட்டுரை நிற்க வேண்டும். உப்பளத்து மாணவி அங்கே வேதியியலுக்கோ உயிரியலுக்கோ விண்ணப்பித்தால் அவளுடைய தட்டுச் சோதனை அப்படியே உதவும். சட்டப் படிப்புக்கு என்றால் அதற்குப் பெரிய இடம் இராது.

கட்டுரை கேட்பதெல்லாம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கான ஏற்பாடு என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1920-களில் ஹார்வர்ட் போன்ற கல்லூரிகள் தேர்வு மதிப்பெண்ணோடு குணநலன், ஆளுமை என்றெல்லாம் பார்க்கத் தொடங்கியதன் பின்னால், மதிப்பெண்ணால் உள்ளே வந்துகொண்டிருந்த யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் நோக்கம் இருந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த வரலாறு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று நிலைமை வேறு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களையும் குடும்பத்தின் பணவசதியைப் பார்க்காமல் தேர்ந்தெடுக்கின்றன, தேர்வானவருக்கு வேண்டிய உதவித்தொகையும் தருகின்றன. இடம் கிடைப்பது மிகக் கடினம்தான். ஆனாலும் இந்தக் கட்டுரைக்குக் கோடை முகாமோ, கட்டணம் கட்டிச் சேர்ந்த ஆராய்ச்சிப் பயிற்சியோ தேவையில்லை. இரண்டு தட்டும் வெயிலும் போதும் என்பதைச் சொல்லத்தான் அந்த மாணவியைச் சற்று நேரம் உங்கள் முன் நிறுத்தினேன்.

பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகாதீர்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதிக் கொடுத்ததைத் தன் எழுத்தாக அனுப்புவதையும் காமன் ஆப் மோசடி என்றே வகைப்படுத்தியிருக்கிறது. விதி ஒருபுறம் இருக்கட்டும். உன் மனத்தை எது பிடித்துக்கொண்டது என்று ஒருவர் கேட்கும்போது, அதற்கு வேறொருவர் பதில் சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி. எழுத்துப் பிழை பார்க்க ஆசிரியரிடம் கொடுக்கலாம். இந்த இடம் எனக்குப் புரியவில்லை என்று அவர் சொன்னால், பிள்ளையே திருத்தி எழுதட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை தேர்ந்தெடுத்த தலைப்பு உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். உப்புத் தண்ணியைப் பற்றியா எழுதப்போற என்று கேட்டுவிடாதீர்கள். அதில் என்ன கண்டுபிடித்தாய் என்று கேளுங்கள், பிள்ளை சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருங்கள். ஆசிரியர்கள் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது ஒழுக்கமான மாணவி, முதல் மதிப்பெண் என்பதோடு நிறுத்தாமல், வகுப்பில் அவள் கேட்டு உங்களை யோசிக்க வைத்த கேள்வி ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். கட்டுரையும் கடிதமும் ஒன்றுக்கொன்று சான்றாகும்.

காமன் ஆப் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி திறக்கும். முன்கூட்டிய சேர்க்கைக்குப் பல கல்லூரிகள் நவம்பர் 1 வரை நேரம் தருகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்றால் அக்டோபர் 15-க்குள் அனுப்பியாக வேண்டும். பதினோராம் வகுப்பு முடித்த மாணவர்கள் இந்தக் கோடையிலேயே ஒரு நோட்டு எடுத்து, மனத்தில் வரும் கேள்விகளைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். எழுதும் காலம் வரும்போது அந்த நோட்டு உங்களிடம் இருக்கட்டும்.